படிப்பகத்தின் பெயர் எழுத்துகள் சுவரிலிருந்து விழுகின்றன, எப்படி மறுபடி பொருத்துவது?

படிப்பறை:
வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் வாசலுக்கு மேலே பெயரை 3டி எழுத்தில் வைத்திருந்தோம். 10 மி.மீ அக்ரிலிக், 40 செ.மீ உயரம், கருநீலம். ‘படிப்பகம்’ என்று ஆறு எழுத்து. ‘ப்’, ‘ம்’ இரண்டின் புள்ளிகளும் தனித் துண்டுகள். பின்னால் டபுள் டேப், ஓரமெல்லாம் சிலிக்கான் என்று ஏணி போட்டு நாங்களே ஒட்டினோம்.

நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் காலையில் கதவைத் திறக்கப் போனால், ‘ம்’மின் புள்ளி செருப்பு விடும் இடத்தில் கிடக்கிறது. யாரோ பந்து அடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். நேற்று மதியம் முதல் ‘ப’ அப்படியே கழன்று விழுந்து ஒரு பக்கத் தண்டு ஒடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் முன்னால்தான் பிள்ளைகள் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நினைத்தாலே கை நடுங்குகிறது.

இதைவிட வலுவான பசை எது? சுவரில் ஓட்டை போடாமல் முடிந்தால் நல்லது.

மட்டப்பலகை:
பசையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மீதி எழுத்துகளை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அதுவரை அந்த வாசலை மூடிவிட்டு வேறு வழியில் ஆட்களை விடுங்கள். ஒன்று விழுந்துவிட்டால், அதே கையால் அதே நாளில் ஒட்டிய மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும்.

இறக்கும்போது ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், அக்ரிலிக் படக்கென்று ஒடியும். மீன்பிடி நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு எழுத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல இழுங்கள். கீழே ஒருவர் எழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பசையைத் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதையும் வைத்துத் துடைக்கக் கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடிவிடும். கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

அப்புறம் விழுந்த ‘ப’வைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது? அதுதான் முக்கியம்.

படிப்பறை:
எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம். நரம்பு யோசனைக்கு மிக்க நன்றி, ஒன்றுகூட ஒடியவில்லை.

‘ப’வின் பின்பக்கத்தில் சிலிக்கான் பட்டையும் டேப்பும் அப்படியே இருக்கின்றன. அவற்றின்மேல் சுவர்ப் பெயின்ட் ஒரு தோல்போல உரிந்து வந்திருக்கிறது. அந்தத் தோலின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது.

தூரிகை:
அப்படியானால் பசை தோற்கவில்லை. சிலிக்கான் பெயின்டைப் பிடித்துக்கொண்டது, பெயின்ட் தனக்கு அடியில் பூசிய வெள்ளைப் புட்டியைப் பிடித்துக்கொண்டது, புட்டி சுவரை விட்டுவிட்டது. ஒரு கிலோ எழுத்தைத் தாங்குவதற்கென்று யாரும் புட்டி பூசுவதில்லை. இதைவிடப் பல மடங்கு வலுவான பசை போட்டாலும் இன்னும் பெரிய பொத்தலாகப் பெயர்ந்து வருமே தவிர நிற்காது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பார்சல் ஒட்டும் அகல டேப்பைச் சுவரில் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளை மாவு வந்தால் அந்தச் சுவரில் எதையுமே ஒட்டி நிறுத்த முடியாது. டபுள் டேப்புக்கும் இதே கதைதான். நல்ல ஃபோம் டேப் கண்ணாடியிலும் உலோகத் தகட்டிலும் அபாரமாகப் பிடிக்கும். பெயின்ட் அடித்த சொரசொரப்பான பூச்சுச் சுவர் அதற்கான இடமே இல்லை.

ஒரு சந்தேகம். ஒட்டும்போது சிலிக்கானில் வினிகர் மாதிரி புளிப்பு வாசனை வந்ததா?

படிப்பறை:
ஆமாம், மூக்கைத் துளைத்தது. டேப் சோதனையும் செய்தேன். டேப் முழுக்க வெள்ளை.

தூரிகை:
அது அசிட்டிக் வகை. இறுகும்போது அமிலம் விடும். சிமென்ட் காரத்தன்மை உள்ளது, அதனால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும்தான் அது சரி. சிமென்ட் சுவருக்கும் உலோகத்துக்கும் நியூட்ரல் என்று எழுதியிருக்கும் சிலிக்கானை வாங்குங்கள். சுவரில் எஞ்சியிருக்கும் பழைய சிலிக்கானை முழுதாகச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் எந்தப் பெயின்டும் நிற்காது, திட்டுத்திட்டாகத் தெரியும்.

மட்டப்பலகை:
சரி, ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும். எழுத்து பெயின்டைப் பிடிக்கக் கூடாது, சுவரைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். எழுத்து மறைக்கப்போகிற இடத்தில் 6 மி.மீ பிட்டால் ஒரே ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். டிரில்லில் ஹேமரை, அதாவது அடித்துக்கொண்டே துளைக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். முதலில் வருவது பூச்சுத் தூள். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு பிட் திணறினால் கான்கிரீட். வெளிறிய மாவாக, வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் காற்றடைத்த லேசான பிளாக். திடீரென்று கை முன்னால் போய்விட்டால் உள்ளே பொந்து.

படிப்பறை:
பூச்சு கிட்டத்தட்ட 20 மி.மீ. அப்புறம் சாம்பல் தூள். இன்னும் 30 மி.மீ போனதும் டிரில் ‘டொப்’ என்று உள்ளே போய்விட்டது.

நட்டுபோல்ட்:
ஹாலோ பிளாக், அதாவது உள்ளே பொந்து விட்ட சிமென்ட் கல். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். கெமிக்கல் ஆங்கர் போடுங்கள் நண்பரே. முதலில் வலைக்குழாயைச் செருகி, அதற்குள் ரெசினைப் பீய்ச்சி, ஸ்டட்டை, அதாவது எழுத்தின் பின்னால் திருகும் மரைக் கம்பியை, நுழைத்தால் முடிந்தது. ரெசின் வலைக்கண் வழியாகப் பிதுங்கி உள்பக்கத்தில் குமிழ்போலப் பரவிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும்.

மட்டப்பலகை:
வலைக்குழாய் அவசியம், அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த எழுத்துக்கு ரெசின் வேண்டாம் என்பது என் கருத்து. அக்ரிலிக் வெயிலில் நீளும்: ஒரு மீட்டருக்கு, 10 டிகிரி ஏறினால் சுமார் 0.7 மி.மீ. 40 செ.மீ எழுத்து, அதிலும் கருநீலம். காலைக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால்கூட 0.8 மி.மீ. நான்கு ஸ்டட்டையும் ரெசினில் இறுக்கிவிட்டால் அந்த 0.8 மி.மீ எங்கே போகும்? தினமும் ஸ்டட் ஓட்டையைத்தான் இழுக்கும். சில மாதத்தில் அந்த ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும்.

எடையைப் பாருங்கள். தண்டு 7 செ.மீ அகலம் என்றால் ‘ப’ ஒரு கிலோகூட வராது. நான்கு ஸ்டட்டுக்குப் பிரித்தால் கால் கிலோ. வலைக்குழாய்க்குள் நியூட்ரல் சிலிக்கானே தாராளம். அது ரப்பர்போல வளைந்தும் கொடுக்கும்.

நட்டுபோல்ட்:
நான் செய்ததெல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) எழுத்துகள். எஃகு அதில் நாலில் ஒரு பங்குதான் நீளும், அதனால் எனக்கு இந்தப் பிரச்சினை வந்ததில்லை. அக்ரிலிக்குக்கு உங்கள் வழிதான் சரி.

ஆனால் ஒன்று. சிலிக்கான் காற்றின் ஈரத்தில்தான் இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ ஆழம்தான். 50 மி.மீ ஓட்டைக்குள் முழுதாக இறுகப் பல நாள் ஆகும். அதுவரை எழுத்தைப் பிடித்துவைக்க ஒட்டும் டேப்பை மறுநாளே பிரித்துவிடாதீர்கள். எழுத்துகளுக்குக் கீழே ஒரு நீளச் சட்டம் அடித்து, அதன்மேல் உட்காரவைத்து, ஒரு வாரத்துக்கு மேலேயே விட்டுவையுங்கள்.

மட்டப்பலகை:
அருமை, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இனி எழுத்தின் பக்கம். 10 மி.மீ தகட்டில் நேராக மரை போடலாம், ஆனால் கை தவறினால் முகப்பக்கம் வெளியே வந்துவிடும். 4 செ.மீ சதுரத்தில் 10 மி.மீ அக்ரிலிக் துண்டுகளை வெட்டி, அக்ரிலிக் ஒட்டும் திரவத்தால் எழுத்தின் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். மரை அந்தத் துண்டில் இருக்கட்டும். எழுத்தும் சுவரை விட்டு 10 மி.மீ தள்ளி நிற்கும், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். ஸ்டட் எஸ்எஸ்ஸாகவே இருக்க வேண்டும். சாதாரண இரும்பு என்றால் முதல் மழைக்காலத்திலேயே ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் துருக்கோடு வழியும்.

எழுத்துக்கு நான்கு ஸ்டட். புள்ளிக்கு நடுவில் ஒன்று போதும், வட்டம் சுற்றினாலும் தெரியாது. தயவுசெய்து புள்ளியை மட்டும் பசையால் ஒட்டாதீர்கள். தமிழ் எழுத்தில் முதலில் விழுவது புள்ளிதான், ஐம்பது கிராம்தானே என்று எல்லோரும் அலட்சியமாக விடுவதால்.

ஓட்டைகளைக் குறிப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எழுத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து அளந்தால் இடம் வலமாகிவிடும். ‘ப’வில் பிழை தெரியாது, ‘டி’யில் மாட்டிக்கொள்வீர்கள். தரையில் தெர்மாகோல் பரப்பி, அதன்மேல் முழு நீளத்துக்கு ஒரே தாளை விரியுங்கள். எழுத்துகளில் ஸ்டட்டைத் திருகி, முகம் மேலே பார்க்கும்படி தாளின்மேல் வரிசையாக அடுக்குங்கள். இடைவெளியை அளவுகோலால் சமமாக்க வேண்டாம். நாற்காலியில் ஏறி நின்று பாருங்கள், கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும். திருப்தியானதும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஸ்டட் முனை தாளைத் துளைத்து இறங்கும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, துளை இருக்கும் இடத்தில் டிரில் செய்யுங்கள். தூளை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுங்கள்.

படிப்பறை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ‘ப’வைப் புதிதாக வெட்டி வாங்கினோம், சுவரைச் சுரண்டிப் பிரைமர் அடித்தோம். தாளில் துளைக்கும் வழி அவ்வளவு துல்லியம். இருபத்தாறு ஓட்டையில் ஒன்றே ஒன்றைத்தான் பெரிதாக்க வேண்டி வந்தது.

ஒரு இடத்தில் திணறினோம். ரசமட்டம் வைத்தால் எழுத்துக்கு மேலே இருக்கும் சன்ஷேடே 3 மீட்டருக்கு 12 மி.மீ சாய்ந்திருக்கிறது. மட்டத்துக்கு வைத்தால் எழுத்துதான் கோணலாகத் தெரிந்தது. தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்து, கடைசியில் சன்ஷேடோடு சேர்த்தே ஓடவிட்டோம்.

சட்டத்தைப் பத்தாவது நாள் கழற்றினோம். அதற்கு முன்னால், ஓரமாகச் சோதனைக்குப் போட்டிருந்த ஒரு ஸ்டட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் வாளியை இரண்டு நாள் தொங்கவிட்டேன். அசையவில்லை. நேற்றிலிருந்து பிள்ளைகளை அந்த வாசல் வழியாகவே விடுகிறோம்.

மட்டப்பலகை:
மிகவும் மகிழ்ச்சி. சன்ஷேட் விஷயத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஏணி போட்டு ஒவ்வொரு எழுத்தையும் கையால் அசைத்துப் பாருங்கள், புள்ளிகளையும் சேர்த்து.