வீட்டு வேலைக்குக் குறைந்த விலையில் கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர் எது வாங்கலாம்?

மதுரை திருநகரில் இருக்கிறோம். சுவிட்ச் போர்டு கழற்றுவது, கட்டில் மாட்டுவது, அலமாரிக் கீல் தொங்கினால் இறுக்குவது, அவ்வளவுதான் வேலை, சுவரில் துளை போடவெல்லாம் இல்லை. பட்ஜெட் 2,000 ரூபாய். 3.6 வோல்ட் போதும் என்கிறார் கடைக்காரர், ஆனால் அதில் டார்க் (திருகும் விசை) பெரும்பாலும் 4, 5 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது, பழைய தேக்குக் கதவு நிலையில் துருவேறி இறுகிப்போன ஸ்க்ரூவை அது அசைக்குமா, இல்லை கொஞ்சம் கூடப் போட்டு 12 வோல்ட்டுக்கே போய்விடலாமா? கிளட்ச் (போதிய அளவு இறுகியதும் மேலே திருகாமல் விட்டுவிடும் அமைப்பு) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பிளைவுட்டில் ஸ்க்ரூ தலை உள்ளே புதைந்துவிடும். அப்புறம், பேட்டரி உள்ளேயே வைத்து மூடிய மாடல் செத்துப்போனால் மதுரையில் மாற்றித்தர ஆள் உண்டா? அம்மாவும் எடுத்து வேலை பார்ப்பார், அதனால் எடை குறைவாக இருந்தால் நல்லது. டவுன்ஹால் ரோடு, மாசி வீதிப் பக்கம் கையில் பிடித்து ஓட்டிப் பார்க்க விடுகிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். ஆன்லைன் லிங்க் வேண்டாம்.