33 இஞ்ச் டயர் போட்ட பிறகு மலை ஏறாத கெப்: டிஃப் மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு (கொட்டாஞ்சேனை)

என்னுடையது 90களில் வந்த ஹைலக்ஸ், எல்என் 106, 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். தண்ணீர் மோட்டரும் குழாய்ச் சாமானும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் இரண்டு தடவை அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் பக்கத் தோட்டங்களுக்குப் போய் வருவேன். தோட்டத்துப் பாதைகளில் பின் டிஃப் பெட்டி (எஞ்சின் சுழற்சியைக் குறைத்து இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) கல்லில் இடிக்கிறது என்றுதான் டயரை மாற்றினேன். முன்பு இருந்தது 29 இஞ்ச் உயரம், போட்டது 33. இடிப்பது நின்றது. ஆனால் அன்றோடு வண்டியின் இழுவையும் போய்விட்டது.

கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் நிதானமாக ஏறிய வண்டி, அதே பாரத்தோடு இரண்டாம் கியருக்கு இறங்கி, கரும்புகை கக்கி, பின்னால் பஸ் ஹோன் அடிக்க அடிக்க ஊர்ந்தது. கொழும்பு நெரிசலில் புறப்படும் ஒவ்வொரு தடவையும் கிளச்சைப் பாதியில் பிடித்துத்தான் நகர்த்த வேண்டியிருந்தது, அந்த வாடை உள்ளே வரை வரும். ஐந்தாம் கியர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஒரு கராஜில் காட்டினேன். டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது என்றார்கள். பம்ப் இறங்கியது, இன்ஜெக்டர் நான்கும் மாறியது, கிளச் தட்டும் புதிது போட்டேன். பெரிய செலவு. புகை கொஞ்சம் குறைந்தது, ஏற்றம் அப்படியேதான் இருந்தது. இதை எழுதுவதே அதற்காகத்தான்: பெரிய டயர் போட்ட பிறகு இழுவை குறைந்தால் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள், முதலில் டிஃப் என்ன கணக்கு என்று பாருங்கள்.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் கிராண்ட்பாஸில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ். அவர் பொனட்டைத் தூக்கவே சொல்லவில்லை. குனிந்து டயரின் பக்கத்தில் இருந்த அளவைப் படித்தார், "முதல் என்ன டயர் இருந்தது?" என்று கேட்டார், அவ்வளவுதான். பிறகு பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் போட்டார். டயரிலும், கியர்ப் பெட்டியிலிருந்து டிஃபுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சோக்கட்டியால் ஒவ்வொரு கோடு. என்னை டயரைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லிவிட்டு அவர் கீழே படுத்து ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணினார். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் உள்ளே கிரவுன் (டிஃபின் பெரிய பல்சக்கரம்; அதைச் சுற்றும் சின்னது பினியன்) ஒரு சுற்று வரும். நாலும், அதற்கு மேல் கால் சுற்றை விடக் கொஞ்சம் கூடவும் வந்தது. "நாலு தசம் மூன்று, 43 பல்லுக்கு 10 பல்லு" என்றார்.

அப்புறம் கணக்கு. 33ஐ 29ஆல் வகுத்தால் 1.138. அதை 4.30ஆல் பெருக்கினால் 4.89. ஹைலக்ஸின் 8 இஞ்ச் டிஃபில் 4.10, 4.30, 4.556, 4.875 என்று கிடைக்கும். 39 பல் கிரவுன், 8 பல் பினியன் என்றால் 4.875. நமக்கு வேண்டியது அதுதான். நாலாம் கியர் நேரடிக் கியர் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகம்) என்பதால் அதில் வைத்து நானே வீட்டில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்: 80 கிலோமீற்றரில் பழைய டயரோடு எஞ்சின் சுமார் 2480 சுற்று, பெரிய டயரோடு 2180, டிஃப் மாற்றினால் 2470. அந்த 300 சுற்றுத்தான் என் மலையைத் தின்றிருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. இந்த வண்டியில் வேகமானிக்குக் கணக்குப் போவது கியர்ப் பெட்டிப் பக்கமிருந்து, டயர் பெருத்தது அதற்குத் தெரியாது. 80 என்று காட்டும்போது நான் உண்மையில் 91ல் போயிருக்கிறேன். கிலோமீற்றரும் அப்படித்தான் குறைவாக ஓடியது. 49 லீற்றருக்கு 400 கிலோமீற்றர் என்று காட்டியதைப் பார்த்து, லீற்றருக்கு 8தான் கிடைக்கிறது என்று கவலைப்பட்டேன். உண்மையில் ஓடியது 455, அதாவது 9.3. பழைய டயரில் 10.5 கிடைத்தது, ஆகவே குறைவுதான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. டிஃப் மாற்றிய பிறகு வேகமானி தானாகவே சரியாகிவிட்டது, தனியாக ஒன்றும் செய்யவில்லை.

பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன். பாஸ் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: கிரவுன், பினியன் தனித்தனியாக வாங்காதே, செட்டாக இருந்த தலையை (இரண்டும் பூட்டிய டிஃபின் உள்பாகம்) அப்படியே வாங்கு, பல்லை நீயே எண்ணு. எண்ணினேன், கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். 39, 8. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தலை. எங்கள் மாதிரிக்கு முன்னாலும் பின்னால் போல இரு சக்கரத்தையும் சேர்க்கும் நேர் அச்சுத்தான், அதே 8 இஞ்ச் தலை இரண்டு பக்கமும் ஏறும், அது பெரிய வசதி.

மாற்றியது போன வருடம். போன கிழமையும் கினிகத்தேனையை மூன்றாம் கியரில் ஏறினேன். மற்றவர்களும் எழுதுங்கள், முக்கியமாகச் சிக்கல் பட்டவர்கள்.

பதில் (வெள்ளவத்தை)

அண்ணா, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் பட்டது அதில்தான்.

நான் வாங்கியது ஏற்கெனவே 33 டயர் போட்ட வண்டி, நல்ல இழுவை, மகிழ்ச்சியாக வாங்கிவிட்டேன். முதல் சொந்தக்காரர் பின் டிஃபை மட்டும் 4.875 ஆக்கிவிட்டு முன்னதை 4.30லேயே விட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஆறு மாதம் டூ வீலில் ஓடியதால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மழை நாளில் சொந்தக்காரர் காணியில் சேற்றில் மாட்டி ஃபோர் வீல் போட்டேன். சேற்றில் வெளியே வந்துவிட்டது. காணியை விட்டு தார் ரோட்டுக்கு ஏறியதும் வண்டியை யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல ஒரு பிடிப்பு, முன் டயர்கள் ரோட்டில் சறுக்கிச் சறுக்கிச் சத்தம் போட்டன. லீவரை வெளியே எடுக்க முயன்றால் வரவே இல்லை. முன் சக்கரங்கள் பின்னதை விட 13 வீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கின்றன, ரோடு விடவில்லை, இடையில் ஷாஃப்டுகள் முறுகிக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுத்து முறுக்கு விட்ட பிறகுதான் லீவர் வந்தது. வீட்டுக்கு வந்து முன் சக்கரத்தைத் தூக்கி நீங்கள் சொன்ன மாதிரியே சோக்கட்டிக் கோடு போட்டு எண்ணினேன், உண்மை தெரிந்தது. முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி தப்பியது என் அதிர்ஷ்டம்.

பாவித்த வண்டி வாங்குகிறவர்கள் பெரிய டயரைக் கண்டால் இரண்டு அச்சையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பத்து நிமிட வேலை. பொனட்டுக்குக் கீழே தட்டில் அச்சு எண் இருக்கும்தான், ஆனால் அது தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்ததைத்தான் சொல்லும்.

பதில் (தெஹிவளை)

நான் மாற்றவில்லை, அதையும் பதிய வேண்டும் என்று நினைத்தேன். நான் போட்டது 31 இஞ்ச். 29இலிருந்து 31க்கு 7 வீதம்தான். கொழும்பு, நீர்கொழும்பு, அப்பப்போ ஏ9இல் யாழ்ப்பாணம், எல்லாம் சமதரை. புறப்படும்போது கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான், அதிவேக நெடுஞ்சாலையில் எஞ்சின் முன்னை விட அமைதியாகக்கூட ஓடுகிறது. பாரமும் மலையும் இல்லாதவர்கள் 31க்காக டிஃபைத் திறக்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல பிரேக் போடலாம்.

பதில் (வத்தளை)

கிரவுனும் பினியனும் செட்டாக வாங்கச் சொன்ன பாஸை நான் முன்பே சந்தித்திருக்க வேண்டும். எனக்கு விற்றவர் கிரவுன் ஒரு தலையிலிருந்தும் பினியன் இன்னொன்றிலிருந்தும் எடுத்துத் தந்தார், பல் எண்ணிக்கை சரிதான். ஆனால் இந்த இரண்டும் தொழிற்சாலையிலேயே சோடியாகத் தேய்த்து எடுத்தவை, சோடி பிரிந்தால் எப்படிப் பூட்டினாலும் ஊளைதான். 60ஐத் தொட்டதும் தொடங்கும், காலை எடுத்தால் நிற்கும், மிதித்தால் மறுபடி. வீட்டில் யாரும் அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை புதிய செட் எடுத்து, பக்கத்தில் நின்று பார்த்தேன். மெக்கானிக் தம்பி கிரவுனின் நாலைந்து பல்லில் மஞ்சள் பெயின்டை மெல்லியதாகப் பூசி, ஒரு கையால் கிரவுனைப் பிடித்து எதிர்ப்புக் கொடுத்துக்கொண்டே பினியனைச் சுற்றினார். பல் பட்ட இடத்தில் பெயின்ட் விலகி நீள்வட்டமாக ஒரு தடம். முதல் தடவை அந்தத் தடம் பல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது, பினியன் அளவுக்கு மேல் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தமாம். கழற்றி, பெயாரிங்கை இழுத்தெடுத்து, அதன் அடியில் இருக்கும் சிம் என்ற தகட்டு வளையத்தை மெலிதாக்கி மறுபடி பூட்டினார். இப்போது தடம் மேல் விளிம்புக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவைதான் பல்லின் நடுவில் விழுந்தது. டயல் கேஜ் வைத்து இரண்டு பல்லுக்கும் இடையில் உள்ள ஆட்டத்தையும் பார்த்தார், 0.13 முதல் 0.18 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், எங்களுடையது 0.15. பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது, அதிகம் இறுக்கினால் திரும்பித் தளர்த்த முடியாது, புது ஸ்பேசர்தான் போட வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது பின்னேரம் ஐந்தானது. டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சரி" என்று சொல்லும் இடத்தில் தயவுசெய்து இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

தம்பி வெள்ளவத்தை, நீங்கள் சொன்னது சரி, நான் அதை ஒரு வரியில் தாண்டியிருக்கக் கூடாது. தெஹிவளை நண்பர் சொன்னதும் நியாயம், எனக்கு மலையும் பாரமும் இல்லாவிட்டால் நானும் விட்டிருப்பேன்.

பிரேக் பற்றி ஒன்று. டிஃப் மாற்றிய பிறகு இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிப்பது திரும்பி வந்துவிட்டது. ஹட்டனிலிருந்து இறங்கும்போது டிஃப் மாற்றும் முன் மூன்றாம் கியரில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே முடியாது, கினிகத்தேனைக்கு வரும்போது சக்கரம் தொட முடியாத சூடு. இப்போது அதே மூன்றாம் கியர் தாங்குகிறது. ஆனால் பிரேக் மட்டும் பழைய பிரேக்தான், டயர் உயர்ந்ததால் அதற்கு வேலை கூடியது கூடியதுதான், டிஃப் அதைச் சரிசெய்யாது. அதனால் நான் பாரத்தைக் குறைத்துத்தான் ஏற்றுகிறேன்.

டிஃபுக்கு என்ன எண்ணெய், மாற்றியதும் எப்படி ஓட்டுவது என்று தனிச் செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில்: ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90. பஞ்சிகாவத்தைத் தலை பழையதுதான் என்றாலும் பெயாரிங் புதிது போட்டதால் புது செட் மாதிரியே நடத்தச் சொன்னார் பாஸ். முதல் 30 கிலோமீற்றர் மெதுவாக ஓடி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டேன். 800 கிலோமீற்றர் வரை ஹட்டன் ஹயர் எதுவும் எடுக்கவில்லை, அந்த மூன்று கிழமை வருமானம் குறைந்தது, பரவாயில்லை. பிறகு எண்ணெயைக் கழற்றினோம். அடியில் காந்தம் வைத்த போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு படிவு, பாஸ் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். துணுக்கு ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு போல்ட்டைப் பூட்டினார்.