சன்னலில் வந்து மோதிய மாநிலப் பறவை

மரகதப்புறாவைப் பார்க்கவென்றே எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் காட்டுப்பக்கம், கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் நாலைந்து தடவை விடியற்காலையில் போயிருக்கிறேன். வளைவில் பைக் திரும்பும்போது தரையோடு தரையாக ஏதோ ஒன்று விர்ரென்று போகும். அவ்வளவுதான்.

கடைசியில் பார்த்தது குலசேகரத்தில், சித்தி வீட்டில். பின்பக்கம் ரப்பர் தோட்டம். காலையில் காப்பி குடிக்கையில் டொப்பென்று சத்தம். தேங்காய் விழுந்ததென்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால் சன்னலுக்குக் கீழே ஒரு புறா மயங்கிக் கிடக்கிறது. கண்ணாடியில் தெரிந்த மரங்களைத் தோட்டமென்று நம்பி வந்திருக்க வேண்டும். நிழலில் கருத்த தவிட்டு நிறம்தான். கையில் எடுத்து வெயிலுக்குத் திருப்பினேன், இறக்கை அப்படியொரு பச்சை! சிவந்த அலகு, வெள்ளை நெற்றி, சாம்பல் நீலத் தலை. ஆண் பறவை.

பால் வெட்டிவிட்டு வந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "காட்டுப்புறாவாக்கும் மக்களே. கீழ கெடக்க விதை பொறுக்க வரும்." தமிழ்நாட்டின் மாநிலப் பறவை இதுதான் என்றேன்.

"அது மயிலுல்லா?"

"மயில் நாட்டுக்கு அண்ணே. இது நம்ம மாநிலத்துக்கு."

"அப்போ ஆபீஸ் சீல்ல ஒண்ணும் காணலியே?"

நியாயமான கேள்வி. அரசு முத்திரையில் கோபுரம்தானே இருக்கிறது. வரையாடு, செங்காந்தள், பனை வரிசையில் புறாவின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி.

திருவிதாங்கூர் காலத்தில் பிறந்த சித்தியின் மாமியார் உள்ளிருந்தே சொன்னார்: "நமக்கு சங்குல்லா அடையாளம்!" அவருக்கு ராஜமுத்திரைச் சங்கு இன்னும் மறக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சேராமல் இருந்திருந்தால், கேரளத்தின் மலமுழக்கி வேழாம்பல்தான் எங்கள் பறவை. அதாவது பெரிய இருவாச்சி. அது சன்னலில் மோதியிருந்தால் கண்ணாடி மிஞ்சியிருக்காது.

சித்தி கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாமென்று தடுத்தேன், மயங்கிய பறவைக்கு ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டறையில் விட்டோம். முக்கால் மணி நேரத்தில் உள்ளே படபடப்பு. தோட்டத்து ஓரத்தில் திறந்ததும் மரங்களுக்கிடையே தாழப் பறந்து போய்விட்டது. முதுகின் அடியில் இரண்டு வெளிர்பட்டைகள் மட்டும் ஒரு நொடி தெரிந்தன.

அப்புறம் இன்னொன்று வந்து மோதாமலிருக்க, கண்ணாடிக்கு வெளியே நாலு விரலுக்கு ஒன்றாகக் கயிறுகளைத் தொங்கவிட்டேன். சன்னல் மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கிறதென்று சித்தி இன்னும் திட்டுகிறார்.