விதை போடும்போதே யாருக்கு என்று நினைத்துக்கொண்டால்: சிலர் எழுதிய தோட்டத்துப் பரிசு அனுபவங்கள்

குளிர் விலகத் தொடங்கியதும் எங்கள் வீட்டு ஜன்னலோரம் முழுக்க நாற்றுத் தட்டுகள் ஏறிவிடும். கடைசி உறைபனி எப்போது முடியும் என்று பார்த்து, அதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே தக்காளி விதை போட்டுவிடுவேன். வீட்டுக்கு எத்தனை செடி வேண்டும் என்ற கணக்கோடு நிறுத்துவதில்லை. இந்த வருடம் யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று யோசித்துக் கூடவே போடுவேன். வருடக் கடைசியில் அவசரமாக வாங்கிச் சுற்றிக் கொடுக்கும் பரிசைவிட, விதைக்கிற அன்றே ஒருவரை நினைத்துத் தொடங்கும் பரிசுதான் எனக்கு மனநிறைவு.

இந்தப் பழக்கம் ஒரு பாட்டியிடமிருந்து வந்தது. நாங்கள் குடிபோன புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு காகித உறையைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு பிடி கொடி பீன்ஸ் விதை. "மண்ணில் கை வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. அப்புறம் போடு" என்று உறை மேலேயே எழுதியிருந்தார். சரியான பேச்சு. மண் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்து ஈரமாகவும் இருந்தால், பீன்ஸ் விதை முளைப்பதற்குள் ஊறி அழுகிவிடும். பட்டாணி அப்படியில்லை, 5 டிகிரியிலேயே மெதுவாக முளைவிடும். அதனால் பருவத்தின் முதல் விதைப்புக்குப் பட்டாணி, பொறுமை பழகப் பீன்ஸ் என்று இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு வருடம் அறுவடை நேரத்தில் மழை விடவே இல்லை. பாட்டி விதைக்கென்று கொடியில் விட்டிருந்த நெற்றுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயின. அதற்கு முந்தைய வருடத்து விதை என்னிடம் ஜாடியில் இருந்தது. ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது அவருடைய அம்மா காலத்து விதை என்று அன்றைக்குத்தான் சொன்னார். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரிவதற்கு முன்பே தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் என் தோட்டத்தில் வளர்ந்த பிறகும் அது அவர் வீட்டு பீன்ஸாகவே இருந்தது. விதையைப் பகிர்ந்து வைப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது எனக்கு அன்று புரிந்தது.

*

பாட்டியின் விதைக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் விதை உறைகளைத்தான் பரிசாகக் கொடுக்கிறேன், பழைய காகிதத்தில் நானே மடித்து ஒட்டியவை. தொடங்க நினைப்பவர்களுக்கு நான் பழகியதைச் சொல்கிறேன்.

பீன்ஸ், பட்டாணி, தக்காளி மூன்றும் நம்பிக் கொடுக்கலாம். தக்காளி விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் 2, 3 நாள் புளிக்க விட வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறை முளைப்பைத் தடுப்பது, புளிக்கும்போது அது கரைந்துவிடும். கழுவி, தட்டில் பரப்பி, நிழலில் உலர்த்தினால் போதும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதன் விதையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.

பூசணி, சுரைக்காய் வகைகளில் நான் ரொம்பக் கண்டிப்பு. பக்கத்திலுள்ள இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிட்டால், அந்த விதையில் வளரும் செடியின் காய் சில சமயம் கசக்கும். அந்தக் கசப்பு வயிற்றுக்கு நஞ்சு, சமைத்தாலும் போகாது. அன்பாகக் கொடுக்கிற பொருளில் அந்த ஆபத்து எதற்கு?

உறை மேல் ரகத்தின் பெயரும் எடுத்த வருடமும் கட்டாயம் எழுதுங்கள். தக்காளி விதை உலர்வான இடத்தில் 4 வருடமாவது தாங்கும். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் முளைப்பது சந்தேகம்.

*

என் அத்தைக்குச் சில வருடங்களாகக் கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. என்ன வாங்கிக் கொடுத்தாலும் "எனக்கு எதுக்கும்மா" என்பார். போன கோடையில் லாவண்டர் பூங்கொத்துகளை அவர் மடியில் வைத்து, "தண்டிலிருந்து பூவை உருவித் தாங்க அத்தை" என்றேன். பூங்கதிரின் கீழ்ப்பக்கம் ஒன்றிரண்டு பூ விரிந்ததும் வெட்டி, கட்டாகக் கட்டி, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் தலைகீழாக 2, 3 வாரம் தொங்கவிட்டவை அவை. விரலாலேயே எது நன்றாகக் காய்ந்தது, எதில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று என்னைவிடத் துல்லியமாகப் பிரித்தார். ஈரம் இருந்தால் பையில் பூஞ்சை பிடித்துவிடும், ஆக அது அலங்கார வேலை இல்லை, உண்மையான வேலை.

பருத்தித் துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து அதை நிரப்பினோம். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அத்தையே தன் கையால் கொடுத்தார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பரிசு தருவதோடு, பரிசு செய்கிற வேலையிலும் இடம் கொடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வசந்தத்துக்கு என்ன போடப் போகிறோம் என்று அத்தை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். புதினா சொல்லியிருக்கிறேன். ஒரு தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஓரிரு வாரத்தில் வேர் வந்துவிடும், தடவிப் பார்த்தே அவரால் தெரிந்துகொள்ள முடியும்.

*

அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூலிகைப் பரிசு என்று பேச்சு வந்ததால் ஒன்று மட்டும். பச்சை மூலிகையையோ பூண்டையோ எண்ணெயில் ஊறவைத்து அழகான பாட்டிலில் கொடுப்பது நிறையப் பேருக்கு ஆசை. தயவுசெய்து வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள், புளிப்பும் இல்லாதபோது, பொட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். நிறம், மணம், ருசி எதிலும் மாற்றம் தெரியாது. வீட்டுக்குச் செய்தாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும் என்றால், நன்றாகக் கழுவி ஈரம் போக உலர்த்திய மூலிகையை வினிகரில் போட்டுக் கொடுங்கள்.