வாசலிலிருந்து வண்டி வரைக்கும்

வலது இடுப்பு மூட்டு தேய்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மூச்சில் 200 மீட்டர் நடப்பேன், அதற்குமேல் எங்காவது சாய வேண்டும். தினமும் டாக்ஸி என்றால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்.

ஆரம்பத்தில் அலுவலகம் 8 கிலோமீட்டர் தள்ளி இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் 8 கிலோமீட்டரும் 18 கிலோமீட்டரும் எனக்கு ஒன்றுதான். ஒரு வாரம் துண்டுச் சீட்டில் குறித்துப் பார்த்தேன்: எங்கே நடந்தேன், எவ்வளவு நேரம் நின்றேன், எத்தனை படி. ரயிலில் போன நாட்களில் நடைமேம்பாலம் ஏறி இறங்கியே கால் செத்திருந்தது. ரயிலை விட்டுவிட்டேன். தாழ்தள பஸ் மெதுவாகத்தான் போகிறது, போகட்டும். அந்த மாதிரி சில பஸ்களில் வாசல் பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும் வசதி உண்டு, ஆனால் நாம் கேட்டால்தான் டிரைவர் இறக்குவார். வாய் திறந்து கேட்க எனக்கு நான்கு மாதம் ஆனது! இறங்கும் இடத்திலிருந்து சக ஊழியர் ஒருவர் காரில் ஏற்றிக்கொள்கிறார், பெட்ரோலுக்கு என் பங்கைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று, சொல்லவே வெட்கம். ஒரு வருடம் கைத்தடியை வலது கையிலேயே பிடித்திருந்தேன். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டுமாம், பிசியோதெரபிஸ்ட் பார்த்த உடனே மாற்றினார். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் தடியின் உயரம். செலவே இல்லாத வைத்தியம்.

*

அண்ணா, நான் உட்கார்ந்து ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் பழையதாக ஒன்று வாங்கினேன். விற்றவர் 20 கிலோமீட்டர் ஓடும் என்றார். ஆறாவது கிலோமீட்டரில், மழைத் தூறலில், நட்ட நடுவே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் மூலையில் கிடந்திருக்கிறது, அப்படிக் கிடந்தால் அவை பாழாகிவிடும். புது ஜோடி போட்ட பிறகு பழுதில்லை, ஆனால் மலிவாக வாங்கிய சந்தோஷம் அதோடு போயிற்று.

வாங்குகிறவர்கள் முழு சார்ஜில் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பேட்டரி காட்டும் முள் சட்டென்று விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம், ராத்திரி அதை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவீர்கள்? மாடி வீடென்றால் பேட்டரியைத் தனியாகக் கழற்றித் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

*

எனக்கு முழங்கால். நடந்தால் வலி, சைக்கிள் மிதித்தால் அவ்வளவு இல்லை. உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது, அதனால்தான். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகமாக மடங்கி வலி கூடும். மிதி கீழே போகும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கிற உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். காலைத் தூக்கிப் போட வேண்டாத, நடுக்கம்பி தாழ்ந்த சைக்கிள், கூடவே மிதிக்க உதவும் சின்ன மோட்டார்.

அதற்கு முன் காலால் உந்தும் ஸ்கூட்டர் வாங்கி ஏமாந்தேன். உந்துகிற காலுக்கு ஒன்றுமில்லை, பலகையில் நிற்கிற கால்தான் ஒவ்வொரு உந்தலுக்கும் மடங்கி நிமிர்கிறது. மூன்று சக்கர சைக்கிள் விழாது என்பார்கள். வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும், நான் வேலியில் போய்ச் சாய்ந்தேன்.

*

மேலே சீட்டு எழுதின அண்ணாவுக்கு: நிற்கிறதுதான் தொல்லை என்றால் விரித்தால் முக்காலியாகிற கைத்தடி இருக்கிறது, பார்த்தீர்களா? பஸ் வரும்வரை அதில்தான் உட்கார்ந்திருப்பேன். மூன்று காலும் சமதரையில் பதிந்ததா என்று பார்த்த பிறகே உட்காருங்கள், ஒருமுறை நடைபாதை விளிம்பில் வைத்து...

சரி, அந்தக் கதை வேண்டாம்.