எல்கேஜி அறையில் எதிரொலி: கூரைக்கு எது சரி?

திருச்சி பக்கம் எங்கள் பள்ளியின் எல்கேஜி அறையில் எதிரொலி தாங்கவில்லை. 20க்கு 20 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர்கள். ஜூனில் இந்தப் புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து, பாட்டு நேரம் வந்தாலே சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பாவம், ஒதுங்க வேறு இடமே இல்லை. அடம் என்று அதட்டுவது தவறு. அவர்களுக்கு அந்தச் சத்தம் நிஜமாகவே வலிக்கிறது.

பாய் விரித்து, கனத்த திரை போட்டதில் கொஞ்சம் குறைந்தது. தெர்மகோல் ஒலியை உறிஞ்சவில்லை, எளிதில் தீயும் பிடிக்கும் என்பதால் கழற்றிவிட்டோம். தோக்கியோவில் 2007இல் கட்டிய ஃபூஜி மழலையர் பள்ளி போல கதவுகளைத் திறந்தே வைக்கலாம் என்றால், வெளியே பேருந்துச் சாலை.

அப்புறம், மூலையில் திரையிட்ட சிறு கூடு ஒன்று செய்யப்போகிறோம். கூரைக்கு அடியில் தேங்காய் நார்ப் பலகை, மரச்சீவல் பலகை இரண்டில் எதைப் பொருத்தினால் பிள்ளைகளின் கூச்சல் நன்றாக அடங்கும்?