மறுமொழி: உடலுறவில் வரும் வலிக்குக் கலைச்சொல் – ‘புணர்வலி’ சரியாக வருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> டிஸ்பரூனியாவுக்கு (உடலுறவில் வரும் வலி) ‘வலிமிகு புணர்ச்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

அதில் எனக்கு உறுத்துவது ‘மிகு’தான். இடமகல் கருப்பை அகப்படலம் (எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ள பெண்களுக்கு இந்த வலி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில நாள் லேசாக இருக்கும், மாதவிடாய் நெருங்கும்போது கூடும். சிலருக்கு உடலுறவின்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் அடிவயிறு மணிக்கணக்கில் வலிக்கும், மறுநாள் வரைக்கும்கூட நீடிக்கும். ‘மிகு’ என்பதைப் பார்த்து ‘நமக்கு அவ்வளவு மோசமில்லை’ என்று அவர்கள் மருத்துவரிடம் சொல்லாமலே விட்டுவிடக் கூடாது.

அதனால் ‘புணர்வலி’யை முன்மொழிகிறேன். வினைத்தொகை என்பதால் காலம் உள்ளே மறைந்து நிற்கிறது: புணரும்போது வருவதும் புணர்ந்த பின் வருவதும் இதில் அடங்கும். வலி எவ்வளவு என்று இந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை.

‘உறவுவலி’ நாகரிகமாக இருக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார். ஆனால் படித்ததும் கணவன் மனைவிக்குள் மனக்கசப்பு என்றுதான் தோன்றுகிறது, அக்கா. ‘அவளுக்கு விருப்பமில்லை, அதான் வலி என்கிறாள்’ என்று பழியைப் பெண்மீதே போடுகிறவர்கள் ஏற்கெனவே நிறைய. நாம் ஆக்கும் சொல் அதற்குத் துணைபோக வேண்டாம்.

அடுத்தது உட்பிரிவு. இதை விட்டுவிடவே கூடாது. ‘நுழைவு வலி’, ‘ஆழ்வலி’ என்று இரண்டு வேண்டும். நோய்த்திசு கருப்பைக்கு வெளியே, முக்கியமாகக் கருப்பையைப் பின்பக்கம் தாங்கும் பிணைநார்களிலும் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள குழிவிலும் வளரும்போது, அங்கே அழற்சி உண்டாகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. ஆழமாகப் போகும்போது அந்த இடம் அழுந்துகிறது, இழுபடுகிறது. இது ஆழ்வலி, இந்த நோயில் அதிகம் காண்பதும் இதுதான். வலி வரும் என்று உடல் எதிர்பார்த்து எதிர்பார்த்து இடுப்புத்தளத் தசைகள் (கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவற்றைக் கீழிருந்து தாங்குபவை) தாமாகவே இறுகிப்போனால், நுழைவிலேயே வலி தொடங்கிவிடும். ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கலாம்.

சிகிச்சையும் வேறுபடுகிறது. திசு வளர்ச்சிக்கு ஹார்மோன் மருந்து, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) மூலம் அகற்றுவது. இறுகிய தசைக்கு அது மட்டும் போதாது. இடுப்புத்தளப் பிசியோதெரபி வேண்டும். சில ஹார்மோன் மருந்துகளால் வறட்சி ஏற்பட்டால் அதற்கு வழுக்குப்பசை. ஆழத்தைப் பெண்ணே கட்டுப்படுத்தக்கூடிய நிலைகள் ஆழ்வலிக்கு உதவும். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் தசை இன்னும் இறுகும். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

புணர்வலி: உடலுறவின்போதோ அதற்குப் பின்னரோ பிறப்புறுப்பிலோ அடிவயிற்றிலோ, எந்த அளவிலாவது, திரும்பத் திரும்ப ஏற்படும் வலி.

மருத்துவமனையில் யாரும் ‘உங்களுக்குப் புணர்வலி உண்டா?’ என்று கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். அங்கே ‘ஒன்றாக இருக்கும்போதோ அப்புறமோ வலிக்கிறதா? நுழையும்போதா, உள்ளே ஆழத்திலா?’ என்று கேட்டால் போதும். இந்தக் கேள்வியையும் பதிவோடு சேர்க்கலாம் என்பது என் கருத்து. ‘திரும்பத் திரும்ப’ என்பதை வைப்பதா எடுப்பதா என்று மட்டும் எனக்குத் தயக்கம். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.